மிகக் குறைமாதக் குழந்தையின் பாலில் புரதம் கூட்டுதல்: எந்த வழியைத் தேர்வது?

28 வாரத்தில் பிறந்து மூன்று வாரம் ஆன ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். எடை 1,200 கிராம். முழுக்க அம்மாவின் பால்தான். கிலோவுக்கு 160 மிலி வீதம் நாளுக்கு 192 மிலி. இரண்டு மணிக்கு ஒருமுறை 16 மிலி டியூபில் போகிறது. வாந்தி இல்லை, வயிறு உப்பவில்லை, ஆக்சிஜனும் நிறுத்தியாயிற்று. எடையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. ஆனால் நீளமும் தலைச்சுற்றளவும் வாரத்துக்கு அரை சென்டிமீட்டர்தான் கூடுகின்றன. கூட வேண்டியது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். எடைத் தட்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தக் குழந்தையிடம் ஒரு குறையும் தெரியாது.

என்ன குறை என்பது சின்னக் கணக்கிலேயே வெளிப்படும். குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் முதல் வாரம் 100 மிலிக்கு 2 கிராம் வரை இருக்கும் புரதம், மூன்று நான்கு வாரத்தில் 1.2, 1.0 என்று இறங்கிவிடும். 1.2 என்றே வைத்தாலும், 160 மிலியில் கிலோவுக்கு 1.9 கிராம்தான் கிடைக்கிறது. பால் வங்கியின் தானப் பால் பெரும்பாலும் நிறைமாதப் பிரசவம் ஆன தாய்மார் சில வாரங்கள் கழித்துத் தருவது. அதில் 0.9 கிராம் அளவுதான் எதிர்பார்க்கலாம்; கிலோவுக்கு 1.4. தேவை எவ்வளவு? எஸ்ப்கான் எனப்படும் ஐரோப்பியக் குழந்தை ஊட்டச்சத்துச் சங்கத்தின் 2022 பரிந்துரை கிலோவுக்கு நாளொன்றுக்கு 3.5 முதல் 4.0 கிராம், வளர்ச்சி பின்தங்கினால் 4.5 வரை போகலாம். ஆக, நன்றாகப் பால் குடிக்கும் நம் குழந்தை பாதிப் புரதத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

பால் அளவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பதுண்டு. கிலோவுக்கு 200 மிலி கொடுத்தாலும் 2.4 கிராம்தான் வரும். நுரையீரல் முதிராத குழந்தையால் அவ்வளவு திரவத்தைத் தாங்கவும் முடியாது. பீய்ச்சும்போது கடைசியில் வரும் பின்பாலை மட்டும் தனியாகப் பிடித்துக் கொடுப்பது இன்னொரு வழக்கம். பின்பாலில் கூடுவது கொழுப்பு. புரதம் அப்படியேதான் இருக்கும். எடை ஏறும், நீளம் ஏறாது. பின்பாலுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் புரதக் குறைக்கு அது மருந்தல்ல.

பாலில் எதையாவது சேர்த்தே ஆக வேண்டும். எதை, எந்த அளவில், எதை வைத்து முடிவு செய்து என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

ஒரே அளவில் ஃபார்ட்டிஃபையர்

புரதம், கால்சியம், பாஸ்பரஸ், சோடியம், வைட்டமின்கள் எல்லாம் கலந்த தூளைப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவில் எல்லாக் குழந்தைகளின் பாலிலும் சேர்ப்பது. உலகெங்கும் பெரும்பாலான பிரிவுகளில் நடப்பது இதுதான். 32 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 1.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள் தாய்ப்பாலோ தானப் பாலோ குடித்தால் இதைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் சொன்னது. சுலபமான வழி, ரத்தப் பரிசோதனை வேண்டாம், கருவி வேண்டாம், இரவு ட்யூட்டியில் புதிதாக வந்த சிஸ்டரும் தவறின்றிக் கலந்துவிடலாம்.

சிக்கல் பொட்டலத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. 'ஃபார்ட்டிஃபையர் போடுகிறோம்' என்று சொல்வதோடு பல இடங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. அது எவ்வளவு புரதம் சேர்க்கிறது என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. 100 மிலி பாலுக்கு 0.4 கிராம் மட்டுமே சேர்க்கும் பழைய வகைத் தூளும் உண்டு, 1 கிராமுக்கு மேல் சேர்ப்பதும் உண்டு. நம் குழந்தையின் 1.2 கிராம் பாலில் 0.4 தூளைச் சேர்த்தால் கிலோவுக்கு 2.6 கிராம். 1.0 தூளைச் சேர்த்தால் 3.5. தானப் பாலாக இருந்தால் முறையே 2.1, 3.0. ஒரே பெயர், ஒரே பொட்டல அளவு, ஆனால் ஒரு குழந்தைக்குத் தேவை நிறைகிறது, இன்னொன்றுக்கு ஒன்றரை கிராம் பள்ளம் விழுகிறது. கொள்முதலில் விலைக்கு முன் பார்க்க வேண்டிய எண் இது.

இரண்டாவது பள்ளம் திரவக் கட்டுப்பாடு. நுரையீரல் நோய்க்காகவோ, இதயத்தருகே மூடாமல் நிற்கும் டக்டஸ் என்ற ரத்தக்குழாய்க்காகவோ பாலைக் கிலோவுக்கு 135 மிலியாகக் குறைத்தால், 3.5 கிராம் கொடுத்துவந்த அதே கலவை 3.0 கிராமாகிவிடும். தூளின் அளவை மாற்றவேயில்லை என்றாலும் புரதம் குறைந்துவிட்டது. பால் அளவை மாற்றும் ஆணையோடு கலவையையும் திருத்தி எழுத வேண்டும்.

மூன்றாவது, கலக்கும் கை. ஒரு பொட்டலம் 25 மிலிக்கு. குழந்தைக்கு ஒரு வேளைக்கு 16 மிலி. பொட்டலத்தை அப்படியே 16 மிலியில் கொட்டினால் செறிவு ஒன்றரை மடங்குக்கு மேல். கண்ணளவில் முக்கால் பொட்டலம் போட்டால் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வோர் அளவு. 25 மிலியில் கலந்து 9 மிலியைக் கொட்டினால், அம்மா இரவெல்லாம் விழித்துப் பீய்ச்சிய பால் தொட்டியில் போகிறது. சரியான வழி மூன்று வேளைக்குச் சேர்த்துக் கலப்பது: 50 மிலி பால், இரண்டு பொட்டலம், அதில் 48 மிலி மூன்று சிரிஞ்சில் பிரித்து, பெயரும் கலந்த நேரமும் எழுதி, 4 டிகிரி குளிர்பெட்டியில். தூள் கலந்த பாலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நேரம் ஆக ஆகப் பாலிலுள்ள என்சைம் தூளின் மாவுச்சத்தை உடைப்பதால் கலவையின் ஆஸ்மோலாலிட்டியும் (கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு) ஏறும். அதனால் ஆறு மணி நேரத்துக்கு மட்டும் கலப்பது நல்லது. தூள் எதுவும் கிருமி நீக்கப்பட்டது அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும்; குரோனோபேக்டர் போன்ற கிருமி குறைமாதக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கலக்கும் மேசை, கை, கிண்ணம் மூன்றும் சுத்தமில்லையென்றால் எந்த வழியும் நல்ல வழியல்ல.

குறைமாத ஃபார்முலாத் தூளைச் சேர்ப்பது

ஃபார்ட்டிஃபையர் வாங்க முடியாத இடங்களில் குறைமாதக் குழந்தைக்கான ஃபார்முலாத் தூளையே தாய்ப்பாலில் கொஞ்சம் கலப்பது நம் நாட்டில் நெடுநாளாக இருக்கிறது. வெறும் சிக்கனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், எடை ஏற்றத்தில் ஃபார்முலாத் தூள் பின்தங்கவில்லை. பால் தாங்காமை அதில் குறைவாகவே இருந்தது.

அந்த முடிவைப் புரதக் கணக்கோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். இவ்வகைத் தூளில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 5 கலோரியும் 0.14 கிராம் புரதமும் இருக்கும் (சரியான எண் டப்பாவில்). 100 மிலிக்கு 4 கிராம் போட்டால் 20 கலோரி கூடும், புரதம் 0.55 கிராம்தான் கூடும். நம் குழந்தைக்கு அது கிலோவுக்கு 2.8 கிராம். 0.4 கிராம் தரும் ஃபார்ட்டிஃபையரைவிட இது மேல், 1 கிராம் தருவதைவிடக் கீழ். 30 வாரம் தாண்டிப் பிறந்து, 1,400 கிராமை எட்டி, நன்றாக வளரும் குழந்தைக்கு இது போதுமானதாக இருக்கலாம். 1,000 கிராமுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு இதை மட்டுமே நம்புவது சரியல்ல. கரண்டி அளவும் தொல்லை: டப்பாவின் கரண்டி 30 மிலி தண்ணீருக்கு என்று செய்யப்பட்டது, 16 மிலி பாலுக்கு அல்ல. எடைக்கருவியில் நிறுத்துத்தான் போட வேண்டும்.

எல்லோருக்கும் கூடுதல் புரதம்

அடுத்த யோசனை நேரானது. ஃபார்ட்டிஃபையரோடு தனிப் புரதத்தையும் எல்லாக் குழந்தைக்கும் சேர்த்துவிட்டால் என்ன?

தாய்ப்பாலில் தனிப் புரதம் சேர்த்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2020-ல் திரட்டியபோது கிடைத்தவை ஆறே ஆய்வுகள், 204 குழந்தைகள். எடை ஏற்றம் நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 3.8 கிராம் அதிகம். நீளமும் தலையும் சிறிது அதிகம். ஆனால் சான்றின் உறுதி குறைவு, அறிவுவளர்ச்சி பற்றிப் பேச அதில் ஒன்றுமில்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் குறைந்த புரதம் பெற்ற குழந்தைகளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே போதுமான அளவு பெறும் குழந்தைக்கு மேலும் ஊற்றினால்? ஜெர்மனியில் 60 குழந்தைகளிடம் அதைத்தான் பார்த்தார்கள், 2017-ல் வெளியானது. ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 3.7 கிராம், மறு குழுவுக்கு 4.3. வளர்ச்சியில் வித்தியாசமே இல்லை. 2.5-லிருந்து 3.5-க்கு ஏற்றுவதன் பலனும் 3.7-லிருந்து 4.3-க்கு ஏற்றுவதன் பலனும் ஒன்றல்ல.

மிஞ்சினால் கெடுதலும் உண்டு. 1960-களில், கிலோவுக்கு 6 முதல் 7 கிராம் வரை புரதம் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் சோர்வும் அதிகம் இருந்தன. 1,300 கிராமுக்குக் கீழே பிறந்தவர்களிடம் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அறிவுத்திறன் மதிப்பெண்ணும் தாழ்ந்திருந்தது. அந்த அளவை இன்று யாரும் கொடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அண்மைச் சான்றும் எச்சரிக்கிறது: நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளில் 1,000 கிராமுக்குக் கீழான 434 குழந்தைகளுக்கு, பிறந்த முதல் ஐந்து நாள் தினம் 1 கிராம் கூடுதல் அமினோ அமிலத்தை நரம்பு வழியே கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வயதில் உயிரோடும் குறைபாடின்றியும் இருந்தவர்கள் விகிதம் கூடவில்லை. நடுத்தர, கடும் குறைபாடு கூடுதல் பெற்ற குழுவிலேயே அதிகம் தென்பட்டது. 2022-ல் வெளியான இந்த முடிவு டியூப் பாலைப் பற்றியதல்ல, முதல் வார நோயுற்ற குழந்தையைப் பற்றியது. அந்த வாரத்தில் அமினோ அமிலம் ஏறும்போது பாஸ்பேட் செல்லுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் சரிந்துவிடும் என்பதால், பாஸ்பேட் பார்க்காமல் புரதம் ஏற்றுவது ஆபத்து. புரதம் கூட்டும் பேச்சு நரம்பு வழி முடிந்து, முழுப் பால் வந்த குழந்தைக்குத்தான் பொருந்தும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனிப் புரதம் என்றதும் மருந்துக்கடையில் பெரியவர்களுக்கு விற்கும் புரோட்டீன் பவுடர் டப்பாவைச் சிலர் கையில் எடுக்கிறார்கள். சர்க்கரை, கோகோ, வாசனை, குழந்தைக்கு அளவிடாத தாதுக்கள் எல்லாம் அதில் உண்டு. அது பச்சிளங்குழந்தையின் பாலில் ஒரு சிட்டிகைகூடப் போகக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கென்றே தயாரித்த மோர்ப்புரதம் அல்லது சிதைத்த புரதம் கிடைத்தால் மட்டுமே இந்தப் பேச்சு. சிதைத்த புரதம் கலவையின் ஆஸ்மோலாலிட்டியை இன்னும் ஏற்றும். வெறும் தாய்ப்பாலில் 300 அளவில் இருப்பதை மொத்தத்தில் 450-க்குள் நிறுத்த வேண்டும். இரும்பு, மல்டிவைட்டமின் சொட்டுகளையும் அதே வேளைப் பாலில் ஊற்றினால் அந்த எல்லை எளிதில் தாண்டும். சொட்டுகளைப் பிரித்து வெவ்வேறு வேளையில் கொடுங்கள்.

யூரியாவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது

புரதம் உடலைக் கட்டப் பயன்படாமல் எரிந்தால் யூரியாவாக வெளியேறும். முழுப் பால் குடிக்கும், சிறுநீரகம் சீரான குழந்தையின் ரத்த யூரியா மிகத் தாழ்ந்திருந்தால், கிடைக்கும் புரதம் கடைசித் துளிவரை கட்டடத்துக்குப் போகிறது, இன்னும் கொடுக்க இடம் இருக்கிறது என்று பொருள். உயர்ந்திருந்தால் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. இந்த எளிய உடலியலை அர்ஸ்லனோலு, மோரோ, ஸீக்லர் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு முறையாக வகுத்து 2006-ல் வெளியிட்டார்கள். வாரம் இருமுறை பி.யூ.என். (ரத்த யூரியாவிலுள்ள நைட்ரஜனின் அளவு, டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்) பார்த்து, 9-க்குக் கீழே இருந்தால் ஒரு படி ஏற்றுவது, 14-க்கு மேல் இருந்தால் ஒரு படி இறக்குவது, நடுவில் இருந்தால் கைவைக்காமல் விடுவது. பின்னாளில் பலர் 10 முதல் 16 என்ற எல்லையை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வில் படியேற்றிய குழந்தைகள் மூன்றாம் வாரம் கிலோவுக்கு 3.4 கிராம் புரதம் பெற்றார்கள், ஒரே அளவுக் குழு 2.8. எடை ஏற்றம் கிலோவுக்கு நாளொன்றுக்கு 17.5 கிராம், மறுபக்கம் 14.4. தலைச்சுற்றளவு நாளுக்கு 1.4 மிமீ, மறுபக்கம் 1.0.

படிகளைப் பொட்டலக் கணக்கில் சொன்னால் வார்டுக்குப் புரியும். 25 மிலிக்கு ஒரு பொட்டலம் என்பது அடிப்படை. ஒரு படி மேலே என்றால் 20 மிலிக்கு ஒரு பொட்டலம், அதாவது தூள் கால் பங்கு அதிகம். அதற்கும் மேலே தூளைக் கூட்டுவதில்லை. கால்சியமும் சோடியமும் ஆஸ்மோலாலிட்டியும் கூடவே ஏறிவிடும் என்பதால், தனிப் புரதம் மட்டும் 100 மிலிக்கு 0.4 கிராம், அடுத்த படியில் 0.8 கிராம். கீழே இறங்கும்போது 33 மிலிக்கு ஒரு பொட்டலம், பிறகு 50 மிலிக்கு ஒன்று. தனிப் புரதத்தைச் சிட்டிகையில் அளக்க முடியாது. மருந்தகத்தில் 0.01 கிராம் காட்டும் எடைக்கருவியில் முன்னதாகவே நிறுத்து, சின்ன உறையில் மூடி அனுப்ப ஏற்பாடு வேண்டும். அது கிடைக்காத இடத்தில் 20 மிலிக்கு ஒரு பொட்டலம் என்ற முதற்படி வரைக்கும் மட்டும் போகலாம். அதுவே ஒன்றுமில்லாததைவிட நல்லது. எத்தனை படி ஏறினாலும் கணக்கிட்ட மொத்தம் கிலோவுக்கு 4.5 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த எல்லையை ஆணைத்தாளிலேயே எழுதிவிடுங்கள்.

தவறு நுழையும் பெரிய வாசல் ஆய்வகத் தாள். நம் ஊர் ஆய்வகங்கள் பலவும் தருவது 'பிளட் யூரியா'. ஆய்வுக் கட்டுரைகள் சொல்வது பி.யூ.என். இரண்டும் ஒன்றல்ல. பி.யூ.என். எண்ணை 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா. 9 முதல் 14 என்பது யூரியாவில் 19 முதல் 30. 10 முதல் 16 என்பது 21 முதல் 34. தாளில் 'யூரியா 17' என்று வந்ததைப் பி.யூ.என். என்று வாசித்தால், புரதம் போதாமல் தவிக்கும் குழந்தையின் தூளைக் குறைத்துவிடுவோம். உண்மையில் அந்தக் குழந்தையின் பி.யூ.என். 8. வார்டுச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டுவதென்றால் முதலில் இதை ஒட்டலாம். மில்லிமோலில் தரும் ஆய்வகமாக இருந்தால் 3.6 முதல் 5.7 என்பதே அந்த 10 முதல் 16 என்ற எல்லை.

யூரியா எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் அது திரவக் குறைவையும் முதிராத சிறுநீரகத்தையும்தான் காட்டும், புரதத்தை அல்ல. அப்போது இந்த முறையைத் தொடங்கவே கூடாது. கிரியாட்டினின் ஏறியிருந்தால், டெக்ஸாமெத்தசோன் ஓடினால், சிறுநீர் பெருக்கி மருந்து கொடுத்தால், குடலில் ரத்தக்கசிவு இருந்தால், நோய்த்தொற்று இருந்தால் யூரியா உயர்ந்திருக்கும். அதை வைத்துப் படி இறக்குவது தவறு. இன்னொன்று சூட்சுமமானது. கலோரி போதாத குழந்தையில் புரதமே எரிபொருளாகி யூரியா ஏறும். தாளைப் பார்த்தால் புரதம் அதிகம் போலத் தோன்றும். உண்மையில் குறை கலோரியில் இருக்கிறது. நாளுக்குக் கிலோவுக்கு 115 முதல் 140 கலோரி போகிறதா, 100 கலோரிக்குப் புரதம் 2.8 முதல் 3.6 கிராமுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே யூரியாவுக்குப் பொருள் சொல்ல வேண்டும். நம் குழந்தைக்கு 1.0 கிராம் தூளில் 3.5 கிராம் புரதம், ஏறத்தாழ 130 கலோரி, விகிதம் 2.7. கலோரி போதும், புரதம் இம்மி குறைகிறது, படி ஏற்றலாம். 0.4 கிராம் தூளில் அதே விகிதம் 2.0. கொழுப்பு சேரும், தசையும் நீளமும் சேராது. தொடக்கத்தில் பார்த்தோமே, எடை ஏறி நீளம் நின்ற வளைகோடு, அது இப்படித்தான் வருகிறது.

ரத்தம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. 1 கிலோ குழந்தையின் உடலில் இருப்பது 80 முதல் 90 மிலி ரத்தம்தான். வாரம் இருமுறை யூரியாவுக்காக மட்டும் ஊசி போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். முதல் இரண்டு மாற்றங்கள் வரை இருமுறை, பிறகு ஹீமோகுளோபினும் சோடியமும் கால்சியமும் பார்க்கும் வாரப் பரிசோதனையோடு ஒருமுறை போதும்.

பாலையே அளந்து கலப்பது

அகச்சிவப்புக் கதிர் கொண்டு தாய்ப்பாலின் புரதம், கொழுப்பு, மாவுச்சத்தை அளக்கும் கருவி வைத்து, எந்தப் பாலில் எது குறைகிறதோ அதை மட்டும் ஈடுசெய்வது. கருத்தளவில் இதைவிடச் சரியான வழி இல்லை. கனடாவின் ஹாமில்டனில் 103 குழந்தைகளிடம் இப்படிச் செய்து 2021-ல் வெளியிட்டார்கள்: கர்ப்பக் கணக்கில் 36 வார வயதில் எடை சராசரி 2,510 கிராம், ஒரே அளவில் கலந்தவர்களிடம் 2,290. பால் புரதம் குறைவாக இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்குத்தான் பலன் அதிகம். அது எதிர்பார்க்க வேண்டியதே.

நடைமுறை கடினம். மாதிரியை 40 டிகிரிக்குச் சூடாக்கி, ஒலி அதிர்வால் கொழுப்பை ஒரே சீராக்கிய பிறகே அளக்க வேண்டும். அந்தப் படியை விட்டால் கொழுப்பு எண் எங்கேயோ போகும். ஒரே வேளைப் பால் போதாது, 24 மணி நேரப் பாலைச் சேர்த்து அதிலிருந்து எடுக்க வேண்டும். கருவி காட்டும் புரதம் எந்தப் புரதம் என்பதும் முக்கியம். தாய்ப்பால் நைட்ரஜனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு யூரியா போன்ற புரதமல்லாத பொருளில் இருக்கிறது. மொத்த நைட்ரஜன் கணக்கைப் 'புரதம்' என்று எடுத்தால் உண்மையைவிட அதிகம் கொடுப்பதாக நம்பிவிடுவோம். அளக்க, கணக்கிட, மூன்று தனிச்சத்துகளை நிறுக்க என்று நாள்தோறும் ஒருவர் இதற்கென்றே வேண்டும். கருவி வாங்க நன்கொடை கிடைத்துவிடலாம். அந்த ஒருவர்தான் கிடைப்பதில்லை.

படிமுறையும் அளந்து கலப்பதும் சேர்ந்த 'தனிப்பட்ட' கலவைகளை ஒரே அளவோடு ஒப்பிட்ட காக்ரேன் மதிப்பாய்வு 2020-ல் வந்தது. ஏழு ஆய்வுகள், 521 குழந்தைகள். எடை, நீளம், தலை மூன்றிலும் தனிப்பட்ட கலவை மேல். அந்த இரண்டில் எது மேல் என்று அது தீர்ப்பு சொல்லவில்லை.

மனிதப் பாலிலிருந்தே செய்த ஃபார்ட்டிஃபையர் பற்றிச் சுருக்கமாக: டொரோன்டோவில் 127 குழந்தைகளிடமும், ஸ்வீடனில் 22 முதல் 27 வாரத்தில் பிறந்த 228 குழந்தைகளிடமும் நடந்த ஆய்வுகளில், பசும்பால் வகையைவிட அது பால் தாங்குவதையோ குடல் அழுகலையோ மேம்படுத்தியதாகத் தெரியவில்லை. விலையோ பல மடங்கு. அந்தப் பணத்தில் அம்மாக்களுக்கு நல்ல மின்பம்ப்பும், வார்டுக்கு அருகில் படுக்க இடமும், வேளாவேளைக்குச் சாப்பாடும் கொடுத்தால் குழந்தைக்குக் கிடைப்பது அதிகம்.

எங்கள் தேர்வு

பெரும்பாலான பிரிவுகளுக்கு யூரியாவைப் பார்த்துப் படியேற்றும் முறையே சரி என்பது எங்கள் முடிவு. 100 மிலிக்கு 1 கிராமாவது புரதம் சேர்க்கும் ஃபார்ட்டிஃபையரைக் கொள்முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன் மேல் இந்தப் படிகள். கருவி வைத்திருக்கும் பிரிவுகூட அதை எல்லோருக்கும் ஓட்டத் தேவையில்லை. இரண்டு படி ஏற்றியும் வளராத குழந்தையின் பாலை மட்டும் அளந்தால் போதும். ஃபார்முலாத் தூள் தவிர வேறு வழியில்லாத இடத்தில், அதை எடைபோட்டுக் கலந்து, 1,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டுமாவது ஃபார்ட்டிஃபையர் ஒதுக்கி வாங்க முயலுங்கள். தானப் பால் குடிக்கும் குழந்தைக்கு அடிப்படைப் படியில் காத்திருக்க வேண்டாம். கணக்கே குறையைச் சொல்லிவிடுவதால் முதல் நாளே ஒரு படி மேலே தொடங்கலாம்.

எப்போது தொடங்குவது என்பதில் பல பிரிவுகள் நாளை வீணாக்குகின்றன. முழுப் பாலை எட்டட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. கிலோவுக்கு 40 முதல் 100 மிலிக்குள் பால் வந்ததும் தூளைச் சேர்க்கலாம் என்பதே எஸ்ப்கான் கருத்து. மிக மோசமான பள்ளம் நரம்பு வழி ஊட்டம் நிற்கும் நாளில்தான் விழுகிறது: பால் 100 மிலியைத் தொட்டதும் டிரிப்பை நிறுத்தி, தூளை இன்னும் தொடங்காமல் இருந்தால், அந்த நாட்களில் குழந்தை பெறுவது கிலோவுக்கு 1.2 கிராம் மட்டும். முந்தைய நாள் வரை 3 கிராமுக்கு மேல் பெற்ற உடல் அது. டிரிப் நிற்பதற்கு முன்பே தூள் பாலில் இருக்க வேண்டும்.

படி ஏற்றுமுன் வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். சோடியம் தாழ்ந்த குழந்தை எத்தனை புரதம் கொடுத்தாலும் வளராது; சிறுநீர் பெருக்கி மருந்தில் இருக்கும் குழந்தைகளிடம் இது அடிக்கடி தென்படும். பாஸ்பேட், ரத்தசோகை, ரத்தத்தில் அமிலம், இன்குபேட்டரை விட்டுச் சீக்கிரம் வெளியே வந்து குளிரில் எரிக்கும் கலோரி எல்லாமே நீளக்கோட்டை இழுத்து வைக்கும். தொடர்ச்சியாக பம்ப்பில் ஓடும் பாலில் கொழுப்பு குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்ப்பை விட்டுச் சிறு சிறு வேளையாகக் கொடுத்தாலே சில குழந்தைகள் நிமிர்ந்துவிடும். நீளத்தைத் துணி நாடாவில் அல்ல, நீளப் பலகையில், இருவர் சேர்ந்து, வாரம் ஒரே நாளில் அளங்கள். அரை சென்டிமீட்டர் பிழையை வைத்துத் தூளைக் கூட்டினால் அது சிகிச்சை ஆகாது.

ஏற்றிய பின் வயிறு உப்பினாலோ, பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தூளை மட்டுமல்ல, பாலையே நிறுத்திக் குழந்தையைப் பரிசோதிக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் வயிற்றிலிருந்து வெறும் மிச்சப்பால் 2 மிலி வந்தது என்பதற்காக ஃபார்ட்டிஃபையரை இரண்டு நாள் நிறுத்தி வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் நம் 1,200 கிராம் குழந்தை இழப்பது ஏறத்தாழ 4 கிராம் புரதம்.

வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கும்போது, பாலாடைக் கிண்ணத்திலும் மார்பிலும் பழகிய குழந்தைக்கு எல்லா வேளையிலும் தூள் கலக்க முடியாது. அப்போது நாளுக்கு இரண்டு மூன்று வேளை பீய்ச்சிய பாலில் கலந்து கொடுத்து, மற்ற வேளைகளில் மார்பில் விடலாம். எந்தப் பொட்டலம், எத்தனை மிலிக்கு ஒன்று, என்றுவரை என்பதை அம்மாவின் கையில் எழுதிக் கொடுத்து, அவரே ஒருமுறை நம் கண் முன்னால் கலந்து காட்டிய பிறகே அனுப்புங்கள். ஒரு வாரத்தில் வந்து எடையும் நீளமும் தலையும் அளக்கும்போது, அந்தச் சீட்டையும் காலியான பொட்டலங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.